புளி காட்டிக்கொடுத்த பித்தளை

ராஜம்மா அக்கா படகின் அடியறையில், எஞ்சினுக்கும் பக்கப் பலகைக்கும் இடையிலிருந்த சிறிய இடத்தில் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு மங்குக் கிண்ணத்தில் புளிக்கரைசல். கையில் தேங்காய் நார். காலையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்த அந்தக் கைகள், களைப்பே இல்லாமல் ஒரு குழாயின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆயுத பூசை. படகுத்துறையில் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேர் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த ஆறு பேருக்கும் மூன்றாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.ஆர்.பி. அரசுத் தேர்வு. தேர்ச்சி பெற்றால் படிப்பு தொடரும். இல்லையென்றால் பால்வாளி காத்திருக்கும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது.

"சரசு, இங்க வந்து பாரு. நீ வாங்குனது பித்தளையா, செம்பா?"

"பித்தளைதான் அக்கா."

"பித்தளைன்னா புளி போட்டு, சாம்பல் போட்டுக் கழுவுனா மஞ்சளா சிரிக்கணும். இது மூணு வாட்டி தேய்ச்சும் செவப்பாவே நிக்குது. கோயில் குத்துவெளக்கு அத்தனையும் நான் தேய்க்கிறது லா. எனக்குத் தெரியாதா?"

நான் குனிந்து பார்த்தேன். குழாயின் கழுத்தைச் சுற்றி, விரலகலத்துக்கு, காய்ச்சல்காரக் குழந்தையின் கன்னம்போல ஒரு சிவப்பு. வேதியியலில் பட்டம் பெற்றவள் நான். அந்த நிறத்தின் பொருள் எனக்கு உடனே விளங்கியது. அந்தக் குழாயைத் தேர்ந்தெடுத்தவளும் நானே.

காசு கொடுத்து ஓட்டை

எங்கள் தோட்டம் சிலாங்கூர் ஆற்றின் வடகரையில் இருந்தது. கோலசிலாங்கூர் பட்டணமும், இடைநிலைப் பள்ளியும், மருத்துவமனையும் தென்கரையில். பாலத்தைச் சுற்றிச் செல்லும் சாலை மிக நீளம். தோட்டத்து லோரி விடியுமுன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பல தோட்டங்களில் நின்று நின்று, முதல் பாடம் முடியும் நேரத்தில் பள்ளியில் இறக்கிவிடும். லோரி வராத நாளில் சம்பான் என்ற சிறு துடுப்புப் படகு. நாலு பேர் ஏற வேண்டிய சம்பானில் ஒன்பது பேர் ஏறுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பட்டம் பெற்று, அதே பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக நான் திரும்பி வந்தபோது, தோட்டத்து மக்கள் ஒரு படகுக் குழு அமைத்தார்கள். தலைவர், பால்வெட்டுத் தொழிலாளரை மேற்பார்வையிட்டு ஓய்வு பெற்ற மண்டோர் மாணிக்கம். செயலாளர் நான். மீன்பிடித்து ஓய்ந்த ஒரு மரப்படகை டீசல் எஞ்சினோடு வாங்கினோம். அதைச் செப்பனிட்டவர் அக்கரையில் படகுப் பட்டறை வைத்திருந்த சீனர் ஆ லெக். தோட்டத்துப் பிள்ளைகளோடு ஆற்றில் குதித்து வளர்ந்தவர். எங்கள் தமிழைத் தம் விருப்பப்படி வளைத்துப் பேசுவார்.

முதல் நாள் அவர் படகின் அடியில் சுண்ணக்கட்டியால் மூன்று வட்டம் போட்டார்.

"இது என்னா?" என்றார் மண்டோர்.

"ஓட்டை."

"படகு ஓட்டை இல்லாம இருக்கணும்னுதான உங்கிட்ட குடுத்தோம்? காசு குடுத்து ஓட்டை போடறதா?"

"ஓட்டை இல்ல, எஞ்சின் செத்துப்போவும், மண்டோர். எஞ்சினுக்குத் தாகம் எடுக்கும் லா."

அவர் சொன்னது சரி. எஞ்சின் சூடேறாமலிருக்க ஆற்று நீரை உள்ளே இழுக்க ஒரு துளை வேண்டும். சுற்றிவந்த நீர் வெளியேற இன்னொன்று. அடியறையில் தேங்கும் நீரைப் பம்ப் இறைத்து வெளியே தள்ள மூன்றாவது. மூன்றும் நீர்மட்டத்துக்குக் கீழே. ஒவ்வொரு துளையிலும் பலகையை ஊடுருவி ஓர் உலோகக் குழாய், அதன் தலையில் திறந்து மூட ஒரு வால்வு. இவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, படகோட்டி முனியாண்டி அண்ணன் பெயர் வைத்துவிட்டார்: குடிக்கிற வாய், துப்புற வாய், கக்குற வாய்.

ஒரு புட்டி ஆற்று நீர்

ஆ லெக் வெண்கலக் குழாய்தான் வேண்டும் என்றார். அது கிள்ளான் துறைமுகத்திலிருந்து வர வேண்டும். மூன்று வாரம் ஆகலாம். ஆனால் பள்ளி திறக்கப் பத்து நாளே இருந்தது. பட்டணத்து இரும்புக் கடையிலோ, வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கென்று வந்த பித்தளைப் பொருத்திகள் பொன்போல் மின்னிக்கொண்டு கண்ணாடிப் பெட்டியில் இருந்தன.

"பித்தளை தா போலே, டீச்சர்," என்றார் ஆ லெக். கூடவே கூடாது என்பதற்கு அவர் எப்போதும் மலாயில்தான் தலையாட்டுவார். "உப்புத் தண்ணி அதைத் தின்னும்."

"இது கடல் இல்லையே, ஆறுதானே?"

"காலைல ஆறு. சாயங்காலம் கடல்."

எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது என்று கற்றவள் நான். ஒரு புட்டியில் ஆற்று நீரை எடுத்துப் பள்ளி ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் சில துளிகள் விட்டேன். உப்பு மிகுந்திருந்தால் நீர் தயிர்போல் வெளுக்க வேண்டும். இலேசாகப் பனி படர்ந்ததுபோல் மங்கியது, அவ்வளவே. அந்த முடிவைத் தாளில் எழுதி, கையெழுத்திட்டு, குழுக்கூட்டத்தில் வாசித்தேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

அந்த நீரை நான் எடுத்தது எப்போது? டிசம்பர் மழை மூன்று நாள் கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில், நீர் வற்றி இறங்கும் வேளையில். புட்டி பொய் சொல்லவில்லை. நான்தான் அதற்கு வசதியான ஒரு நேரத்தில் கேள்வி கேட்டிருந்தேன்.

அந்த முடிவை நான் இன்றும் முழுவதுமாகக் குறை சொல்வதில்லை. மூன்று வாரம் காத்திருந்தால், பள்ளி திறந்த பின்னும் ஒன்பது பேர் ஏறிய சம்பான்தான் ஆற்றைக் கடந்திருக்கும். இரண்டு ஆபத்துகளைத் தராசில் வைத்தால் பித்தளை இலகுவானதே. "இப்போதைக்கு இது, வெண்கலம் வந்ததும் மாற்றுவோம்" என்று குறிப்பேட்டில் எழுதினேன். என் குற்றம் அதற்குப் பிறகு நடந்தது. பக்கத்தைத் திருப்பிவிட்டு, வெண்கலத்துக்கு நான் எழுதிப்போடவே இல்லை. படகு நன்றாக ஓடியது. நன்றாக ஓடும் ஒன்றை நிறுத்தி அடியைப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

செவ்வந்தி குடித்த எஞ்சின்

நன்றாக ஓடியது என்றேன். முதல் நாளைத் தவிர.

வெள்ளோட்டத்தன்று படகுக்குச் சந்தனம், குங்குமம், முகப்பில் முழ முழமாகச் செவ்வந்தி மாலை. பெண்கள் கூடை கூடையாக உதிரிப் பூவைத் தண்ணீரில் தூவினார்கள். ஆறே மஞ்சளாகிவிட்டது. முனியாண்டி அண்ணன் எஞ்சினைக் கிளப்பினார். நடு ஆற்றில் படகிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பியது.

"ஆத்தா எறங்கிட்டா!" என்று கரையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இறங்கியது ஆத்தா இல்லை. குடிக்கிற வாய் செவ்வந்தியைக் குடித்திருந்தது. உள்ளே இருந்த வடிகட்டிக் கூண்டைத் திறந்தபோது, கோயில் பிரசாதத் தட்டுப்போல் அவ்வளவு பூ. ஆ லெக் கரையிலிருந்து கத்தினார்: "பூவை சாமிக்குப் போடு! எஞ்சினுக்கு ஏன் சோறு ஊட்டுறே?"

அன்றிலிருந்து வடிகட்டியை நாள்தோறும் திறந்து கழுவுவது விதியாயிற்று. பூ இல்லாத நாளில் நிப்பாப் பனையின் இலைத்துணுக்கும் இறாலும் கிடைக்கும். இறாலை முனியாண்டி அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

காணாமற்போகும் ஆப்புகள்

இன்னும் இரண்டு விதிகளை ஆ லெக் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, கடைசிப் பயணம் முடிந்ததும் மூன்று வால்வுகளையும் மூடிவிட வேண்டும். மூடித் திறந்துகொண்டே இருந்தால்தான் வால்வு இறுகிப்போகாது. மறக்காமலிருக்க, எஞ்சின் சாவியைக் குடிக்கிற வாயின் கைப்பிடியிலேயே மாட்டிவைத்தோம். சாவியை எடுக்கக் குனிகிறவர் வால்வையும் திறந்தே தீருவார்.

"என் பொண்டாட்டிகூட என்னை இப்படிக் குனிய வெச்சதில்ல, டீச்சரம்மா," என்று முனியாண்டி அண்ணன் காலைதோறும் முனகுவார். ஆனால் ஒரு நாளும் தவறியதில்லை.

இரண்டாவது விதி, ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில், ஒரு முனை கூர்மையான மர ஆப்பு கயிற்றில் தொங்க வேண்டும். குழாய் உடைந்தால் அந்த நொடியில் துளையில் அறைந்து அடைக்க. மண்டோரே இலேசான மரத்தில் மூன்று ஆப்புகளை அழகாகச் செதுக்கி, இழைத்து, எண்ணெய் பூசிக் கட்டினார்.

மேலே உருண்டை, கீழே கூர்மை. தோட்டத்துப் பிள்ளைகள் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? ஒரே வாரத்தில் மூன்றும் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் பம்பரமாகச் சுழன்றுகொண்டிருந்தன. மண்டோர் மறுபடி செதுக்கினார். மறுபடி போயின. குழுக்கூட்டத்தில் பள்ளிப் பயணிகளுக்கு ஓர் அறிவுரை உரையே ஆற்றினேன். எல்லாரும் மிகுந்த கவனத்தோடு கேட்டார்கள். அடுத்த நாள் துப்புற வாயின் ஆப்பு இல்லை.

உள்ளங்கையும் தேங்காய் நாரும்

மீண்டும் அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். படகு ஓடத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டு. முந்திய பூசையில் யாரும் அடியறைவரை வந்து தேய்த்ததில்லை. நாள்தோறும் கைப்பிடியைத் திருப்பிய எங்களில் ஒருவரும் கழுத்தைப் பார்த்ததில்லை. அழுக்கும் எண்ணெயும் அதை மூடியிருந்தன.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. உப்பு நீர் துத்தநாகத்தை மட்டும் அரித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது செம்பு, ஆனால் காய்ந்த ரொட்டியைப்போல் உள்ளே பொத்தலான செம்பு. உருவம் இருக்கும்; உறுதி இருக்காது. பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றித் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

"அக்கா, மெதுவா கையை எடுங்க. வால்வை மூடிடறேன்."

கைப்பிடியைப் பிடித்தேன். திருப்பினேன். வால்வு என் கையோடு வந்துவிட்டது.

முழங்கைப் பருமனுக்கு நீர் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. உப்புக் கரித்தது. இரண்டாண்டு தாமதமாக, ஆய்வகமே இல்லாமல், அந்த ஆற்றைச் சரியாகச் சோதித்துவிட்டேன்.

ராஜம்மா அக்கா அலறவில்லை. தேங்காய் நாரை அப்படியே துளைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். "ஆப்பு எங்க? ஆப்ப எடு!"

முனியாண்டி அண்ணன் பாய்ந்து வந்து கயிற்றைப் பிடித்தார். கயிறு மட்டும் இருந்தது; மற்ற இரண்டு வாய்களிலும் அப்படியே.

"அலாமாக்! யார்ரா எடுத்தது? மேல யாரு இருக்கீங்க? ஆப்பு எங்க?"

துறையில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்களில் பூங்கொடி என்ற மாணவி இருந்தாள். தேர்வு எழுதவிருந்த ஆறு பேரில் ஒருத்தி. பம்பரத்தில் தோட்டத்துப் பையன்கள் அத்தனை பேரையும் தோற்கடித்தவள். பாவாடைப் பையில் கைவிட்டாள். வெளியே வந்தது எங்கள் ஆப்பு. முனையில் ஓர் ஆணி, உடம்பெல்லாம் சாட்டைக்கயிறு.

"நாளைக்குத் திருப்பி வெச்சுடலாம்னுதான் சார்... டீச்சர்..."

"அப்புறம் அழு, இப்பப் போடு!" என்றார் முனியாண்டி அண்ணன்.

ஆணியோடும் கயிற்றோடும் அதைத் துளையில் செருகி, காலிலிருந்த செருப்பைக் கழற்றி நாலு அடி அடித்தார். நீர் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த மண்டோர் மெல்லச் சொன்னார்: "கயிறு சுத்தியிருந்தது நல்லதாப் போச்சு. இறுக்கமா நிக்குது."

என் வாக்குமூலம்

படகு மூழ்கவில்லை. ஆனால் குடிக்கிற வாயை அடைத்த படகு ஓடாது. மற்ற இரண்டு வாய்களையும் அக்கா புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தார். இரண்டும் சிவந்தன. தோட்டத்து லோரி ஓட்டுநர் விடுமுறைக்கு உலு யாமில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை காலையில் ஆறு பிள்ளைகள் எப்படி அக்கரை போவார்கள்?

மண்டோர் ஒரு வழி சொன்னார். "கடைக்காரத் தோக்கேயை வீட்டுல போய் எழுப்பி, புதுப் பித்தளை ஒண்ணு வாங்கிப் போட்டுடுவோம். ரெண்டு வருசம் ஓடுச்சில்ல? பரீட்சை முடியற வரைக்கும் ஓடாதா?"

ஓடும். அதுதான் சிக்கல். ஓடினால் மீண்டும் மறந்துவிடுவோம். "இப்போதைக்கு" என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பும் என் கையை எனக்கு நன்றாகத் தெரியும்.

"வேணாம் மண்டோர். தப்பு என்னுடையது. ஆ லெக் அன்னைக்கே சொன்னாரு. நான் கேக்கல. நானே போய்ச் சொல்றேன்."

சம்பானில் முனியாண்டி அண்ணன் துடுப்புப் போட, ஏறிவரும் நீரை எதிர்த்து அக்கரை போனோம். ஆ லெக் பட்டறை வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். உடைந்த வால்வை நீட்டினேன். அவர் அதைக் கட்டைவிரலால் அழுத்தினார்; விளிம்பு மண்ணாக உதிர்ந்தது.

"புட்டித் தண்ணி என்னா சொல்லுது, டீச்சர்?"

"புட்டி சரியாத்தான் சொல்லுச்சு. நான் தப்பான நேரத்துல கேட்டேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தார். கறுத்து, தழும்பேறி, அழகே இல்லாத இரண்டு குழாய்கள், தலையில் வால்வோடு. அரத்தால் ஓரிடத்தில் இழைத்துக் காட்டினார். தேன் நிறத்தில், உள்வரை ஒரே சீராக மின்னியது.

"செத்த படகுல எடுத்தது. படகு செத்துப்போச்சு, இது சாகல. எத்தனையோ வருசம் கடல் தண்ணி குடிச்சிருக்கு."

"ரெண்டுதானே இருக்கு? நமக்கு மூணு வாய்."

"எதுக்கு மூணு? பம்ப்புத் தண்ணியை மேல ஏத்தி, பக்கத்துல ஊத்து. ஒரு ஓட்டை கொறஞ்சா ஒரு பயம் கொறையும்."

அன்று நான் கற்ற முதல் பாடம் வெண்கலம் இல்லை. இல்லாத துளை ஒருபோதும் கசியாது என்பதே.

பூசைக்கு உட்படாத ஸ்பானர்

அன்று மாலை நீர் நன்றாக ஏறியபோது படகைக் கயிறு கட்டிச் சேற்றுக்கரைக்கு இழுத்தோம். ஞாயிறு நண்பகலுக்கு நீர் வற்றியதும் அதன் அடி வெளியே தெரிந்தது. ஆ லெக் வந்து கையை நீட்டினார். "ஸ்பானர்."

யாரும் அசையவில்லை.

ஸ்பானர், சுத்தியல், ரம்பம், பால்வெட்டும் கத்தி, என் பேனாவரை எல்லாமே கோயிலில் ஆத்தா முன்னால் சந்தனப் பொட்டோடு அடுக்கியிருந்தன. ஆயுத பூசையன்று வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது.

"சாமிகிட்ட வெச்சத எப்படிக் கேக்கிறது?" மண்டோர் தலையைச் சொறிந்தார்.

ஆ லெக் தம் பையைத் திறந்தார். "என் ஸ்பானர் எந்தச் சாமிகிட்டேயும் போகல. லீவு கேக்காது. நீங்க பிடிங்க, நான் முறுக்கறேன்."

"பிடிக்கலாமா?" என்றார் முனியாண்டி அண்ணன் ஐயத்தோடு.

"கையையா கோயில்ல வெச்சிட்டு வந்தீங்க?" என்றார் ராஜம்மா அக்கா. முனியாண்டி அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

துளைக்கு உட்புறம் கடினமான மரத்தில் தடித்த தாங்கு கட்டை. குழாயின் விளிம்பில் எண்ணெயில் குழைத்த குங்கிலியப் பசை. "சாமிக்குப் புகை போடறத அடியில பூசறியே!" என்று மண்டோர் ஆச்சரியப்பட்டார். வெளியிலிருந்து ஒருவர் பிடிக்க, உள்ளிருந்து ஆ லெக் முறுக்கினார். அளவுக்கு மீறி முறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கிப் போய்விடும். சீராக ஒரு வளையம் வெளியே தெரிந்ததும் நிறுத்த வேண்டும். மூன்றாவது துளையை மரத்தாலேயே நிரந்தரமாக மூடினார். நீர் ஏறிப் படகு மிதந்ததும், ராஜம்மா அக்கா உலர்ந்த துணியால் இரண்டு கழுத்துகளையும் துடைத்துப் பார்த்தார். துணி நனையவில்லை.

வேலை முடிந்ததும் மண்டோர் ஆ லெக்கின் ஸ்பானரைக் கேட்டு வாங்கி, அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.

திங்கட்கிழமை

ஆறு பிள்ளைகளும் வெள்ளைச் சீருடையில் வரிசையாக அமர்ந்தார்கள். அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினோம். நான் மட்டும் அடியறையில், குடிக்கிற வாயின் கழுத்தைப் பிடித்தபடி.

"டீச்சர், மேல வாங்க," என்று பூங்கொடி எட்டிப் பார்த்தாள். "அது எங்கேயும் ஓடிப்போகாது லா."

"நீ சூத்திரத்த மனப்பாடம் பண்ணு."

நடு ஆற்றில் எஞ்சின் ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. கைக்கடியில் வெண்கலம் குளிர்ச்சியாக இருந்தது. ஆற்று நீர் உள்ளே ஓடுவதை விரலில் உணர முடிந்தது. ஒரு துளிகூட வெளியே வரவில்லை. அக்கரைத் துறையில் படகு இலேசாக இடித்து நின்றது.

ஐந்து பேர் இறங்கிப் பள்ளியை நோக்கி நடந்தார்கள். பூங்கொடி மட்டும் நின்றாள்.

"என்ன? எதையாவது மறந்துட்டியா?"

"என் பம்பரம், டீச்சர்."

"அது படகோட ஆப்பு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"ஆப்பு படகோடது, சரி. ஆணி என்னுது."

முனியாண்டி அண்ணன் சிரித்துக்கொண்டே குறடை எடுத்து ஆணியைப் பிடுங்கி அவள் கையில் வைத்தார். அதைப் பேனாப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, அவள் தேர்வு மண்டபத்துக்கு ஓடினாள்.

நான் ஆப்பைக் கயிற்றில் கட்டினேன். இந்த முறை இரண்டு முடிச்சு.